கார் விற்கப் போகிறீர்களா? குறையை மறைக்காதீர்கள்!

நம் ஊரில் புதுக் கார் வாங்கினால், முதலில் கோவில் வாசலுக்குத்தான் போகும். மாலை போடுவார்கள். சூடம் ஏற்றுவார்கள். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்களை வைப்பார்கள். அவற்றை நசுக்கிக்கொண்டு கார் புறப்படும். கண் திருஷ்டி கழிந்தது என்று வீட்டார் மகிழ்ச்சி அடைவார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே காரைப் பார்த்து "எலுமிச்சம்பழம்" என்றால், சொந்தக்காரருக்குக் கோபம் வந்துவிடும்!

ஓயாமல் பழுதாகும் காருக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வெளியே பளபளப்பாக இருக்கும். வாங்கிய பிறகுதான் புளிப்பு தெரியும்!

வீட்டில் அப்படி ஒரு கார் இருக்கிறது. அதை விற்க வேண்டும். குறையைச் சொல்லி விற்பதா? மறைத்து விற்பதா?

"சொன்னால் விலை போகாதே!" என்பார் வீட்டுக்காரர்.

"சொல்லாவிட்டால் பாவம் இல்லையா?" என்பார் வீட்டுக்கார அம்மா.

இருவரில் யார் சொல்வது சரி? புண்ணியக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பணக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அந்த அம்மா சொல்வதே சரி!

வாங்குவது யார்?

சென்னையில் இருந்து பெங்களூரு செல்லும் பெரிய ரோடு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறது. இரண்டு பெரிய நகரங்களின் பழைய கார்களும் இந்த ரோட்டில் வந்து சேருகின்றன. ஆந்திர எல்லையும் பக்கத்தில்தான்.

இங்கே பழைய கார் வாங்குபவர் பெரிய பணக்காரர் அல்ல. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பார். பேரணாம்பட்டில் சிறிய கடை வைத்திருப்பார். வயதான தாயாரை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டியவராக இருப்பார். சீட்டுப் பணத்தை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, ஒரு காரை வாங்குவார்.

அந்தக் கார் பள்ளிகொண்டா சுங்கச் சாவடியைத் தாண்டுவதற்குள் புகை கக்கி நின்றால், அவர் நிலைமை என்ன ஆகும்?

மறைக்கும் வித்தைகள்

காரின் குறையை மறைக்கப் பல வித்தைகள் உண்டு.

என்ஜின் தேய்ந்து போனால் "கடகட" என்று சத்தம் வரும். கெட்டியான எண்ணெயை ஊற்றினால், அந்தச் சத்தம் சில நாட்களுக்கு அடங்கும். பிறகு மறுபடியும் வந்துவிடும்.

காலையில் குளிர்ந்த என்ஜின் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். வாங்குபவர் வருவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அவர் சாவியைத் திருப்பியதும் "ஜம்" என்று கிளம்பும்!

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் பின்னால் திருப்பிவிடுவதும் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார், நாற்பதாயிரம் ஓடியதாகப் பொய் சொல்லும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னொரு வகை. 2015-ம் ஆண்டு சென்னையில் பெருவெள்ளம் வந்தது. 2021-ம் ஆண்டு நவம்பரில் பாலாறே பெருக்கெடுத்து ஓடியது. மூழ்கிய காரைக் கழுவிக் காய வைத்து, வாசனைத் திரவியம் அடித்தால் புதிதுபோல் இருக்கும். ஆனால், சீட்டுக்கு அடியில் துரு இருக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், உள்ளே சேற்றுக் கறை இருக்கும்.

இந்த வித்தைகள் எல்லாம் எத்தனை நாளைக்கு? மார்கழிக் குளிரில் ஒழுங்காக ஓடும் கார், வேலூரின் கத்திரி வெயிலில் கொதித்துவிடும். சம தரையில் ஓடும் கார், ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். வெயிலும் மலையும் உண்மையைச் சொல்லிவிடும்!

பத்துக் கார் கணக்கு

அமெரிக்காவில் ஜார்ஜ் அக்கர்லாப் என்று ஒரு பொருளாதார நிபுணர். பழைய கார் சந்தையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே "எலுமிச்சம்பழம்" இருந்தது! மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. நான்காவது பத்திரிகை 1970-ம் ஆண்டில் வெளியிட்டது. 2001-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை மற்றும் இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார். அவர் புகழுக்கு முக்கிய காரணம் இந்தக் கட்டுரைதான்.

அப்படி என்ன எழுதிவிட்டார்? நம் ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

வேலூரில் ஒரே மாதிரியான பத்துக் கார்கள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நல்ல கார்கள். ஒவ்வொன்றும் 3 லட்சம் ரூபாய் பெறும். மற்ற ஐந்தும் பழுதானவை. ஒவ்வொன்றும் 1 லட்சம் ரூபாய்தான் பெறும்.

எது நல்லது, எது கெட்டது என்று விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. எல்லோரும், "தங்கமான வண்டி, பாய்! ஒரு குறையும் கிடையாது" என்றே சொல்கிறார்கள்.

வாங்குபவர் என்ன செய்வார்? நடுவாக 2 லட்சம் ரூபாய்க்குக் கேட்பார்.

நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கோபம் வரும். "3 லட்சம் பெறும் வண்டியை 2 லட்சத்துக்குக் கொடுப்பதா? என் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்" என்று போய்விடுவார். நல்ல கார்கள் ஒவ்வொன்றாகச் சந்தையை விட்டுப் போய்விடும். மிச்சம் இருப்பவை எல்லாம் எலுமிச்சம்பழங்கள்! இது வாங்குபவருக்கும் தெரிந்துவிடும். அவர் 1 லட்சத்துக்கு மேல் ஒரு காசும் தர மாட்டார்.

மறைத்து விற்பவன் வாங்குபவரை மட்டும் கெடுக்கவில்லை. நல்ல கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையும் கெடுக்கிறான்.

இந்த நிபுணர் 1967-68-ல் டெல்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து தங்கி இருந்தார். அவருடைய கட்டுரையில் நம் நாட்டுக் குடும்பப் பெண்களும் வருகிறார்கள். கடை அரிசியில் வேண்டும் என்றே கல்லைக் கலந்துவிடுகிறார்கள். அதைப் பொறுக்கி எடுப்பது வீட்டுப் பெண்களின் வேலையாக இருக்கிறது என்று அதில் எழுதி இருக்கிறார். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிய நம் பாட்டிமாருக்கு இந்தப் பொருளாதாரம் எப்போதோ தெரியும்!

தோல் சொல்லும் பாடம்

இந்தச் சிக்கலுக்கு வழி என்ன? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலே வழி காட்டுகிறது.

குறையே இல்லாத தோல் அபூர்வம். உயிரோடு இருந்தபோது மாட்டை உண்ணி கடித்திருக்கும். முள் கிழித்திருக்கும். சூட்டுக்கோல் தழும்பு இருக்கும். தோலை உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டும் இருக்கும்.

அதற்காகத் தோலைக் குப்பையில் போட்டுவிடுகிறார்களா? இல்லை. மேஜை மேல் விரித்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். முடி இருந்த பக்கத்தையும் பார்க்கிறார்கள். சதை இருந்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறார்கள். விரலால் தடவிப் பார்க்கிறார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை உண்டு.

ஷூ கம்பெனியில் தோலை வெட்டுவதற்கு முன்னால், குறை உள்ள இடத்தைச் சுற்றி அடையாளம் போடுகிறார்கள். அந்த இடம் ஷூவின் முகப்பில் வராமல் பார்த்து வெட்டுகிறார்கள். முகப்புக்கு ஆகாத தோல், உள் பக்கத்துக்கு ஆகும்.

அடையாளம் போட்ட குறைக்கு ஒரு விலை உண்டு. மறைத்த குறை முழுத் தோலையும் கெடுத்துவிடும். காரும் அப்படித்தான்!

குதிரைச் சட்டம்

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டில் வந்தது. அப்போது உலகத்தில் எங்கும் கார் விற்பனைக்கு வரவில்லை. குதிரை வண்டிக் காலம். ஆகவே, அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு ஒரு குதிரையை வைத்து விளக்கம் சொல்கிறது.

ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால், வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு.

அதே குதிரையை, அப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு விற்கிறார். இப்போது சும்மா இருக்கக் கூடாது. தகப்பனை மகள் நம்புவாள். ஆகவே, குறையைச் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னொன்று. "நீங்கள் மறுத்துப் பேசாவிட்டால், குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் மவுனமாக இருக்கிறார். அந்த மவுனம், வாயால் சொன்னதற்குச் சமம்!

சும்மா இருப்பது வேறு. மூடி மறைப்பது வேறு. மீட்டரைத் திருப்புவதும், வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பூசி மெழுகி "தண்ணீரே படாத வண்டி" என்று சொல்வதும் மூடி மறைப்பது. அது மோசடி. ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம்.

மோசடி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது "420". அது பழைய தண்டனைச் சட்டத்தின் எண். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. இப்போது ஏமாற்றுக் குற்றத்துக்கு உரிய பிரிவு 318. எண் மாறினாலும் குற்றம் மாறவில்லை.

பழைய கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், வழி சொல்வார்கள்.

எப்படி விற்பது?

பழுதான காரை விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில், காரை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ன குறை, சரி செய்ய என்ன செலவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள்.

சில்லறைக் குறைகளை நீங்களே சரி செய்துவிடுங்கள். எரியாத விளக்கு, உடைந்த கண்ணாடி, சத்தம் போடும் கதவு இவற்றுக்கு அதிகச் செலவு ஆகாது. ஆனால், இவற்றைப் பார்த்துத்தான் வாங்குபவர் காரையே எடை போடுவார்.

பெரிய குறை இருந்தால் சொல்லிவிடுங்கள். விலையில் கழித்துவிடுங்கள்.

உதாரணமாக, குறை இல்லாவிட்டால் உங்கள் கார் 2½ லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மாற்ற 12 ஆயிரம் ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"கிளட்ச் போய்விட்டது. இதோ மெக்கானிக் சீட்டு. 2 லட்சத்து 35 ஆயிரம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பேரம் அந்த 12 ஆயிரத்தைச் சுற்றியே நடக்கும்.

மறைத்தால் என்ன ஆகும்? வாங்குபவர் தன் மெக்கானிக்கை அழைத்து வருவார். அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். "இதை மறைத்தவர் இன்னும் எதை எதை மறைத்தாரோ!" என்ற சந்தேகம் வரும். 12 ஆயிரம் ரூபாய்க் குறைக்கு 40 ஆயிரம் குறைத்துக் கேட்பார். அல்லது, "நான் யோசித்துச் சொல்கிறேன், அண்ணே" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஆனால், ஒரு குறைக்கு மட்டும் சலுகை கிடையாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கெட்டிருந்தால், சரி செய்யாமல் காரை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். "சொல்லித்தானே விற்றேன்" என்பது இங்கே போதாது. கிளட்ச் போனால் பணம் போகும். பிரேக் போனால் உயிர் போகும். ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே ஒரு வண்டியை ஓட்டுவதும், ஓட்ட விடுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி குற்றம். சரி செய்ய வழி இல்லாத காரை அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

வாங்குபவருக்கும் சில வார்த்தைகள்.

காரைக் காலையில் பாருங்கள். என்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த பிறகு கிளப்பச் சொல்லுங்கள்.

பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் என்ஜினில் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை குபுகுபு என்று வந்தால், உள்ளே தண்ணீர் இறங்கி இருக்கலாம். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால், அந்தக் காருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்!

"ஏதாவது குறை உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். குதிரைச் சட்டம் உங்களுக்குத் துணைக்கு வரும்.

விற்ற காருக்குத் தண்டம்!

பணம் கைக்கு வந்ததும், "அப்பாடா, தொல்லை விட்டது" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வட இந்தியாவில் ஒருவர் தன் காரை 2007-ம் ஆண்டில் விற்றுவிட்டார். ஆனால், ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றவில்லை. கார் கைக்குக் கை மாறியது. 2009-ம் ஆண்டில் அந்தக் கார் பின்னால் வந்தபோது, ஒரு பெண் மீதும் அவருடைய உறவினர் மீதும் மோதியது. உறவினர் இறந்துவிட்டார்.

நஷ்டஈடு யார் கொடுப்பது? "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்றார் முதல் சொந்தக்காரர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பு வந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே பொறுப்பு என்று நீதிபதிகள் தீர்ப்பு கூறினார்கள். விற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் பொறுப்பு அவரை விடவில்லை!

அந்தக் காரில் குறை இருந்ததாக வழக்கு இல்லை. பெயர் மாற்றாததற்கே இந்தக் கதி. பிரேக் கெட்ட காரை மறைத்து விற்று, பெயரும் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, காரை விற்றதும் 29-ம் எண் படிவத்தில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கு உள்ளேயே விற்றால் 14 நாள் கெடு. சித்தூருக்கோ பெங்களூருக்கோ விற்றால் 45 நாள் கெடு. தடை இல்லாச் சான்றிதழும் வாங்க வேண்டும். வாங்குபவர் தன் பெயருக்கு மாற்ற 30-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்.

பழைய கார் வியாபாரியிடம் விட்டால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் இதற்குத் தனி விதி வந்திருக்கிறது. காரை அவரிடம் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அதுமுதல் பொறுப்பு அவருடையது.

கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டாக்கையும் மறக்காமல் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால், அவர் வாணியம்பாடி சுங்கச் சாவடியைத் தாண்டும்போது எல்லாம் உங்கள் பணம் கழியும்!

ஒரு தாள் போதும்

அமெரிக்காவில் பழைய கார் வியாபாரிகள், விற்பனைக்கு நிற்கும் காரின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்ட வேண்டும். பழுதானால் வியாபாரி பொறுப்பு ஏற்பாரா, மாட்டாரா என்பது அதில் இருக்கும். 1985-ம் ஆண்டு முதல் இந்த விதி இருக்கிறது.

நம் ஊரில் தனி மனிதர்களுக்கு அப்படி விதி இல்லை. ஆனால், நாமே ஒரு தாள் எழுதிக்கொள்ளலாம். காரின் எண், விலை, ஒப்படைத்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். கீழே, "இந்தக் காரில் உள்ள குறைகள்" என்று போட்டு, ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுதுங்கள். விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு வழக்கு வந்தால் அந்தத் தாள் விற்றவரைக் காப்பாற்றும். வழக்கு வராமலும் காப்பாற்றும். எழுதிக் கொடுத்த குறைக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

வேலூரும் ஆம்பூரும் பெரிய ஊர்கள்தான். ஆனாலும், ஒருவரை ஒருவர் சந்தையில் பார்ப்பார்கள், கல்யாணத்தில் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரி வாசலில் பார்ப்பார்கள். காரை வாங்கியவர் எதிரே வரும்போது, விற்றவர் வேறு தெருவுக்குள் நுழைய வேண்டியது இல்லை. "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று நின்று கேட்கலாம்.